எழுந்து நின்று சொல்ல வேண்டிய சொல்

ஒதியம்பட்டில் எங்கள் தெருவுக்கு மொபெட்டில் காய்கறி கொண்டுவரும் பெண், எல்லா வாசலிலும் ஹாரன் அடிப்பாள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வாசலில் மட்டும் அடிக்கமாட்டாள். அவ்வீட்டுக்காரர் வெளியே வந்துவிடக்கூடாதே என்ற அச்சம் அவளுக்கு. ஆயினும் அவர் வந்துவிடுவார்.

"கேரட் ஃப்ரெஷ்ஷா கீது சார். ஹாஃப் கிலோ போடட்டா?"

"அதன் பெயர் மஞ்சள் முள்ளங்கி. அரைக் கிலோ என்று சொல், வாங்கிக்கொள்கிறேன்."

"மஞ்ச முள்ளங்கின்னு கூவிக்கினு போனா எவன் சார் வாங்குவான்? வைத்தியத்துக்கு வேர் விக்கிறேன்னு நெனப்பான். அது சரி, கிலோ மட்டும் இன்னா உங்க தாத்தா வூட்டு வார்த்தையா?"

தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். பிறகு பல நாள் அவர் வீட்டில் சுரைக்காயும் புடலங்காயும்தான் வெந்தன. பெயரில் மாசில்லாத காய்கள். அவர் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், சுவருக்கு இப்பால் என்னிடம் ஒரு கிண்ணம் நீட்டி, "ரெண்டு கேரட் இருந்தா குடு, துருவி வெளிய தெரியாம போட்டுக்கறேன்" என்பார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்படிச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. அந்தச் சிரிப்பை நான் நம்புவதில்லை.

மின்சார அலுவலகத்தில் கம்பி ஆட்களை மேற்பார்க்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த வேலையில் ஆங்கிலச் சொல் கலவாமல் ஒரு நாழிகை கழிப்பதே அரிது. அவர் ஒரு பணிக்காலத்தையே கழித்தார். டிரான்ஸ்பார்மர் அவருக்கு மின்மாற்றி, ஃபியூஸ் உருகி, லைன்மேன் கம்பியாளர். ஒருமுறை எங்கள் தெருக்கோடியில் கம்பம் ஏறியிருந்த ஒருவன் மேலிருந்து கூவினான்: "சார், லைன் ஆஃப் பண்ணியாச்சா?"

கீழே நின்ற அவர் நிமிர்ந்து பார்த்தார். "இணைப்பைத் துண்டித்தாயிற்றா என்று கேள்."

"யோவ் சார்! கைய வெக்கலாமா வேணாமா? எம் பொண்டாட்டி தாலி இங்க கம்பியில தொங்கிக்கினு கீது!"

அவர் நிமிர்ந்தபடியே காத்து நின்றார். மேலே இருந்தவன் கெட்ட வார்த்தை ஒன்றைப் பல்லிடுக்கில் மென்றுவிட்டு, "இணைப்ப துண்டிச்சாச்சாங்க ஐயா?" என்று இழுத்தான். "துண்டித்தாயிற்று, தொடலாம்" என்றார் அவர், மலர்ந்த முகத்தோடு. அவன் அன்று மாலையே டீக்கடையில் இதை நடித்துக் காட்டினான். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கம்பத்தின் மேல் ஓர் உயிர் பதில் கேட்டு நின்றபோது கீழே நின்றவர் சொல்லை நிறுத்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் அன்று உறைக்கவில்லை.

உறைக்காததற்குக் காரணம் உண்டு. பிரதோஷந்தோறும் வில்லியனூர்க் கோயிலில் பதிகம் ஓதும் எங்கள் சிறு கூட்டத்துக்கு அவரே கண். அவர் அளவுக்குச் சீர் பிரித்துப் பாடவும், ஒரு சொல்லின் உள்ளே விளக்கேற்றி அதன் நான்கு சுவர்களையும் காட்டவும் வல்லவரை நான் கண்டதில்லை. சிறுமியாக இருந்தபோது செவிவழி கற்று, பொருள் அறியாமலே ஓதிவந்த பாடல்களில் நான் நெடுங்காலம் சுமந்த பிழைகளை அவர் ஒவ்வொன்றாகக் களைந்தார். சில அடிகளில் அவர் குரல் தழுதழுக்கும். நந்தியின் அருகே நின்று கண் துடைத்துக்கொள்வார். அந்தக் கண்ணீர் பொய்யன்று. சொல்லின் மேல் அவர் வைத்த காதல் மெய்யானது. அது மட்டுமே அவரிடம் இருந்தது என்பதுதான் பிறகு தெரிந்தது.

அந்தக் காதலிலும் ஒரு விலக்கு இருந்தது. அவருடைய தந்தை பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து, ஓய்வூதியம் வாங்கி வாழ்ந்தவர். ஆகவே சிப்பாயைக் குறிக்கும் 'சொல்தா', ஊராட்சியைக் குறிக்கும் 'கொம்யூன்' என்ற பிரெஞ்சுச் சொற்கள் மட்டும் அவர் வாயில் தடையின்றிப் புழங்கின. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே, கொம்யூன் ஆபீஸ்ல ஆபீஸ் கூடாது, கொம்யூன் மட்டும் கூடுமா?"

"அது இந்த மண்ணில் ஊறிய சொல், தங்கையே."

"பஸ்ஸும் ஊறித்தான்ணே போச்சி. நம்ம ஊருக்கு வந்துக்கினும் போய்க்கினுந்தான கீது."

அடுத்த பிரதோஷம் வரை அவர் என்னோடு பேசவில்லை.

அவர் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. உண்ணும்போது ஆங்கிலச் சொல் ஒன்று வாய் தவறி வந்துவிட்டால், சொன்னவர் எச்சில் கையோடு எழுந்து நிற்க வேண்டும். அதற்குரிய தமிழ்ச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் மீண்டும் உட்கார்ந்து உண்ணலாம். சொல் தெரியாவிட்டால் நினைவுக்கு வரும்வரை நிற்க வேண்டியதுதான். உண்ணும் இலையிலிருந்து பாதியில் எழுவது நம் வழக்கத்துக்கே ஆகாத ஒன்று. அன்னத்தை அவமதிப்பது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தமிழ்ச் சொல்லைக் காக்க அவர் தமிழர் வழக்கத்தை எழுப்பி நிற்க வைத்தார்.

அவருடைய ஒரே மகள் கயல்விழி சிறுமியாக இருந்த காலத்தில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. அவள் வேண்டுமென்றே "டொமேட்டோ!" என்று கத்திவிட்டு எழுந்து குதிப்பாள், "தக்காளி!" என்று சொல்லி உட்காருவாள். அவர் முகம் கொள்ளாத மகிழ்ச்சியோடு அவளுக்கு நெய் ஊற்றுவார். வளர வளர அவள் குதிப்பது நின்றது. எழுவது மட்டும் நிற்கவில்லை. கல்லூரியில் படித்தபோது உண்ணும் நேரத்தில் அவள் பேசுவதையே விட்டாள். "கொழந்தைக்கு வாயில சோறு போறதுக்கே பயமாக் கீது" என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். அவரோ, மகள் அடக்கம் கற்றுக்கொண்டாள் என்று எண்ணினார்.

கயலை ஏம்பலத்தில் கொடுத்தார்கள். கரும்பும் நெல்லும் விளையும் நிலமுடைய குடும்பம். மாப்பிள்ளைப் பையன் வணக்கம் சொல்லி, 'தங்கள் ஆசி' என்று ஒரு சொல் பேசினான். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. வேறு விசாரணை ஏதும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. "செந்தமிழ் பேசும் பிள்ளை" என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

சித்திரையில் திருமணம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி சீர் வைத்துப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அந்த மாதம் முழுவதும் அவள் எங்கள் வீட்டுப் பின்கட்டில் என்னோடு பூத்தொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இளைத்திருந்தாள். கேட்டால், "வெயிட் கொறைச்சிருக்கேன் ஆன்ட்டி, டயட்டு" என்று சிரிப்பாள். வெயிலிலும் முழுக்கை இரவிக்கை அணிந்திருந்தாள். ஆடி முடிய முடிய அவள் சிரிப்பு குறைந்துவந்தது.

ஆவணி பிறந்து அவளை அனுப்பும் நாள். பகல் விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஏம்பலத்திலிருந்து வந்த கார் வாசலில் நின்றது. மாப்பிள்ளை வரவில்லை, ஓட்டுநர் மட்டும் வந்திருந்தார், அவருக்குத் தாழ்வாரத்தில் சாப்பாடு. கூடத்தில் நாங்கள் நால்வர். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தார். கயல் சோற்றைப் பிசைந்தாளே தவிர உண்ணவில்லை. பிறகு, யாரையும் பாராமல், இலையைப் பார்த்தே சொன்னாள்:

"அப்பா, நான் அங்க போகலப்பா. என்னால அட்ஜஸ்ட் பண்ண முடியல. ரொம்ப டார்ச்சர் பண்றாரு."

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

அவர் நிமிர்ந்தார். நெற்றியில் நீறு மூன்று கோடாகத் துலங்கியது. "எழுந்து சொல்" என்றார்.

அவர் கொடியவர் அல்லர் என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். அவர் அதட்டவில்லை. எப்போதும் சொல்வதைப் போலத்தான் சொன்னார். பல்லாண்டுப் பழக்கம் அவருக்கு முன்னே எழுந்து பேசியது.

அவள் எழுந்தாள். கையில் சோறு ஒட்டியிருந்தது. வாய் திறந்து மூடினாள்.

"டார்ச்சர் என்றால் என்ன? வதையா, கொடுமையா, தொல்லையா? மூன்றும் வேறு வேறு. எதைச் சொல்ல வருகிறாய்?"

"அண்ணே," என்றேன் நான், "பொண்ணு இன்னா சொல்லுதுன்னு கேளுங்க மொதல்ல. எப்பிடி சொல்லுதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்."

"சொல் சரியாக அமைந்தால்தான் துன்பமும் சரியாக விளங்கும், தங்கையே. பொதுவாக ஓர் அயற்சொல்லைத் தூக்கிப் போட்டால் நான் எதைப் புரிந்துகொள்வது?"

அவளுக்குத் தமிழ் தெரியாதா? அந்த வீட்டில் பிறந்தவளுக்கா? அடிக்கிறார் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் எங்கே அடித்தார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் தமிழ் இருக்கிறது. எல்லாம் தாய் சொல்லித்தந்த சொற்கள், உடம்போடு ஒட்டியவை. தந்தையின் முன்னே, பக்கத்து வீட்டுக்காரியின் முன்னே, தாழ்வாரத்து ஓட்டுநரின் காதுக்கு எட்டும் தொலைவில், அந்தச் சொற்களைச் சொல்வது சேலையைக் களைந்து நிற்பதற்குச் சமம். 'டார்ச்சர்' என்பது அவள் புண்ணின் மேல் போட்டுக்கொண்ட ஒரு துணி. துணியை விலக்காமலே, உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் அறிந்துகொள்ளட்டும் என்றுதான் அவள் வந்து நின்றாள். அவர் துணியின் நெசவு அந்நியம் என்றார்.

எத்தனை நேரம் நின்றாளோ. நீர்மோர் கேட்டுத் தாழ்வாரத்திலிருந்து ஓட்டுநரின் குரல் வந்தது. கயல் இடக்கையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். பிறகு அவள் பேசியபோது, அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஒன்றுமில்லை அப்பா. நலமாக இருக்கிறேன். புறப்படுகிறேன்."

"பார்த்தீர்களா," என்றார் அவர் என்னிடம், "தெளிவாகச் சொன்னால் பாதித் துன்பம் கரைந்துவிடுகிறது."

அவள் மறுபடி உட்காரவில்லை. கை கழுவப் போனாள். போய்வருகிறேன் என்று சொல்லவேண்டிய இடத்தில் புறப்படுகிறேன் என்றாளே என்று அக்கா சுவரோரம் என் தோளில் சாய்ந்து அழுதார். கார் போய்விட்டது.

அடியார்கள் இறைவனிடம் முறையிட்ட பாடல்களை நான் ஐம்பதாண்டுக்கு மேலாக ஓதிவருகிறேன். அவற்றில் வடசொல்லும் உண்டு, ஊர்ச்சொல்லும் உண்டு, வசையும் உண்டு. கேட்டவன் அவற்றில் ஒரு சொல்லையேனும் திருத்தினான் என்று எந்தப் பதிகத்திலும் இல்லை. இதை நான் பிறகு அவரிடம் சொன்னேன். அவர் என் உச்சரிப்பில் ஒரு லகரத்தைத் திருத்தினார்.

அதன் பிறகு கயல் தொலைபேசியில் தந்தையோடு பிழையற்ற தமிழில் பேசினாள். "வணக்கம் அப்பா. உணவு உண்டீர்களா? இங்கு அனைவரும் நலம்." அவர் கைப்பேசியின் ஒலியைக் கூட்டி எங்களுக்குக் கேட்க வைப்பார். திருமணம் ஆனபின் மகளுடைய மொழி துலங்கிவிட்டது என்று கோயில் மண்டபத்தில் பெருமை பேசுவார். அந்தத் தமிழுக்குள் ஒரு மனிதரும் குடியிருக்கவில்லை என்பதை அவர் அறியவில்லை.

தை மாதத்தில், கரும்பு வெட்டு நடக்கும் காலத்தில், ஒரு பகல் அவருடைய கைப்பேசி ஒலித்தது. நான் சுவரருகே இருந்தேன். அவர் வழக்கம்போல் ஒலியைக் கூட்டியிருந்தார். ஒரு பெண்ணின் குரல். கரும்பு வெட்ட வந்த கூலிக்காரி.

"சார், கயலு அப்பாங்களா? பயப்புடாதீங்க சார். அந்தாளு போட்டு அடிச்சி மோட்டார் கொட்டாயில தள்ளிட்டாரு. நாங்கதான் ஆட்டோல தூக்கியாந்தோம். கை எலும்பு போயிடுச்சி. அட்மிட் பண்ணிட்டாங்க. ஆப்ரேசன்னு சொல்றாங்க சார், சீக்கிரம் வாங்க."

நான் அவரையே பார்த்திருந்தேன். அந்தப் பேச்சில் திருத்துவதற்கு எத்தனையோ இருந்தன. அவர் உதடுகள் ஒட்டிக்கொண்டவை போல அசைந்தன.

"எந்த... எந்த ஹாஸ்பிடல்?" என்றார்.

பிறர் பேச்சைத் திருத்துவதற்கல்லாமல் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஆங்கிலச் சொல் அது. யாரும் அவரை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அக்காவும் நானும் அவரோடு போனோம். கயல் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். நர்ஸிடம், "சிஸ்டர், பெயின் தாங்கல, ஒரு இன்ஜெக்சன் போடுங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் அந்தக் குரல் அணைந்தது.

"வாருங்கள் அப்பா. அமருங்கள். நலமாக இருக்கிறேன்."

அவர் அமர்ந்தார். அவர் எதிர்பார்த்தது வசை என்று நினைக்கிறேன். வசையாவது ஒரு கொடுக்கல். அவள் அதையும் தரவில்லை.

கை கூடியது, ஆனால் முழங்கை முழுதாக நீளவில்லை. அவள் ஏம்பலத்துக்குத் திரும்பவில்லை. மூலக்குளத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அக்கா தன் துணிகளைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டபோது அவர் வாயிற்படியில் நின்று, "எங்கே போகிறாய்?" என்று கேட்டார்.

"எம் பொண்ணு வூட்டுக்கு. இங்க பேசறதுக்கு எனக்கு வாய் இல்ல. இருந்த வாயும் நின்னு நின்னு மறந்து போச்சி."

அவர் தனியே இருந்தார். பிரதோஷத்துக்கு வருவது குறைந்தது. பாடும்போது சொற்பிழை வந்தால் நாங்களே பழக்கத்தால் நிறுத்தி அவரைப் பார்ப்போம். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஞாயிறுதோறும் கயல் அவருக்கு உணவு கொண்டுவந்தாள். கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வீடு பெருக்கி, துணி துவைத்து, இலை போட்டுப் பரிமாறிவிட்டு, கடைசிப் பேருந்துக்கு நெடுநேரம் முன்பே புறப்படுவாள். இடையில் என் வீட்டுக்கு வந்தால், "ஆன்ட்டி, எங்க கடையில ஒரு கஸ்டமர் வந்தாரு பாருங்க, செம காமெடி" என்று தொடங்கி, மூச்சுவிடாமல் பேசிச் சிரிப்பாள். அப்படி ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் தற்செயலாகத் திரும்பினேன். சுவருக்கு அப்பால் அவருடைய நரைத்த தலை அசையாமல் நின்றது. காதை எங்கள் பக்கம் சாய்த்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் தூண்டில் போடத் தொடங்கினார். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. வாழ்நாள் எல்லாம் தம் வாசலில் நுழையவிடாத சொற்களை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிவந்து மகளின் முன்னே வைத்தார்.

"கயல், ஃபேன் ஸ்பீடே இல்லம்மா."

"மின்விசிறி வேகமாகத்தான் சுழல்கிறது அப்பா."

"அந்த மொபைல்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் செக் பண்ணு."

"பார்க்கிறேன் அப்பா. வேறு மின்கலம் மாற்ற வேண்டியிருக்கும்."

அவர் கேட்டதெல்லாம் கிடைத்தது. மின்கலம் என்ற சொல்லை அவளுக்குக் கற்பித்தவரே அவர்தான்.

கடைசியாக நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். முதல்நாள் சனிப்பிரதோஷம், அவர் வராததால் திருநீறு கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். கூடத்தில் அவர் இலை முன்னே உட்கார்ந்திருந்தார். உடல் வற்றிவிட்டிருந்தது. நீளாத முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு கயல் சோறு வைத்தாள். ஆடிக்குப் பின் அவளை அனுப்பிய நாளில் அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். எண்ணி உட்கார்ந்தாரோ, தெரியவில்லை.

இரண்டு கவளம் உண்டார். அவளுடைய கையைப் பார்த்தார்.

"சாரிம்மா" என்றார்.

அவள் குனிந்தபடி அப்பளத்தை இலையின் ஓரத்தில் வைத்தாள்.

அப்போது அவர் எழுந்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, சுவரைப் பற்றிக்கொண்டு, எச்சில் கையோடு எழுந்து நின்றார். அந்த வீட்டின் வழக்கம் அது. சொன்னவர் எழுந்து நின்று தமிழில் சொல்ல வேண்டும். அவர் வாய் திறந்தது. அந்தச் சொல்லை அவர் அறியாதவரா? எத்தனை பதிகங்களில் அதை உருகி உருகிப் பாடியிருக்கிறார்! அதன் வேர் என்ன, கிளை என்ன என்று எங்களுக்கு விரித்தவர் அவர். உதடு கூடியது, பிரிந்தது, சொல் வரவில்லை. கையிலிருந்து ஒரு பருக்கை இலையில் விழுந்தது.

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். முன்பொருநாள் தான் நின்றதை அவள் அந்த உடம்பில் கண்டிருப்பாள் என்றே நினைக்கிறேன். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால், எந்த மொழியிலாவது சொல்லியிருந்தால், அவர் மீண்டிருப்பார்.

"உட்காருங்கள் அப்பா," என்றாள் அவள், பிசிறில்லாத தமிழில். "உணவு ஆறுகிறது."

அவர் உட்கார்ந்தார். அவள் குழம்பு ஊற்றினாள்.